வெறுங்காலோடு

முதல் நாள் அது வெறும் கூச்சமாகத்தான் இருந்தது. குளியலறைக் குழாயைத் திறக்கக் கை வைத்தவளுக்கு, சின்னப் பூச்சி ஒன்று விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் விறுவிறுவென்று ஏறி ஓடினாற்போல இருந்தது. கையை உதறிவிட்டுப் பார்த்தாள். பூச்சி எதுவும் இல்லை. குழாய்தான் இருந்தது. பழைய காலத்துப் பித்தளைக் குழாய், அந்தச் சின்னக் குளியலறைக்குக் கொஞ்சம் பெரிசு. அதன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.

குடி வந்து பத்து நாள் ஆகியிருந்தது. தெருக்கோடி வீடு. ஒரு பக்கம் புல் மண்டிய காலி மனை, மறுபக்கம் பூட்டிய கிடங்கு. கீழ்ப்பகுதி மட்டும் இவர்களுக்கு. மாடியில் வீட்டுக்காரர் பழைய மேசை நாற்காலிகளைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். வெளியே மாடிப்படிக்கு அடியில் ஓர் இரும்புக் கதவு. மீட்டரும் மெயின் சுவிட்சும் அதற்குள் இருந்தன. அதற்கும் பூட்டு, சாவி வீட்டுக்காரரிடம். வீடு பார்க்க வந்த அன்று அவளுக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. மகளின் பள்ளிக்கூடம் பக்கம், அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடை இரண்டே தெரு தள்ளி, கூடத்தில் நல்ல வெளிச்சம். வேறென்ன வேண்டும்? ஆறு வயது மகள், கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த குறுகிய நடையில் ஓடி, குளியலறைக்குள் நின்று ஒரு கூவு கூவிவிட்டு, "அம்மா, இந்த வீடு திருப்பிப் பேசுதும்மா!" என்று குதித்தாள். வாய் ஓயாத பிள்ளை. சில்வண்டு என்று பேர் வைத்தது அவள் அப்பாதான். பள்ளிக்கூடப் பேர் பள்ளிக்கூடத்தோடு சரி.

அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் மாலை, துணி அலசும்போது, சுருக்கென்று முழங்கை வரை வந்தது.

கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் முக்கால்வாசி நாள் சாலையிலேயே கழியும். அன்று மாலை அவன் கூப்பிட்டபோது சொன்னாள்.

"என்னங்க, பாத்ரூம் குழாயில கரண்ட் அடிக்குது."

"அடிக்குதுன்னா? தூக்கிப் போட்டுச்சா?"

"அந்த அளவுக்கு இல்ல. ஊர்ற மாதிரி. சுருக்குனு."

பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது. "எறும்பு ஊர்ந்திருக்கும். உனக்குத்தான் பல்லி விழுந்தாலே கூரை விழுந்த மாதிரியாச்சே" என்று சிரித்தான்.

அதுதான் அவளுடைய பிரச்சினை. சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி என்று வீட்டில் முத்திரை குத்தியாகிவிட்டது. குக்கர் விசில் அடித்தால் இரண்டடி தள்ளி நிற்பவள், லிஃப்டில் ஏறாமல் ஆறு மாடி படியேறுபவள். அப்படிப்பட்டவள் ஒன்றைச் சொன்னால், அது இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்ப்பதில்லை. இவள் இப்படித்தானே என்று இவளைத்தான் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாசலில் போட்டிருந்த ரப்பர் செருப்போடு நேராகக் குளியலறைக்குள் போய், குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிரை ஓட்டுகிறவள் மாதிரி ஆட்டிக் காட்டினாள்.

"எங்கடி அடிக்குது? என்னை ஒண்ணும் பண்ணலையே. கரண்டுக்கும் ஆள் தெரியுமா என்ன?"

"செருப்பக் கழட்டிட்டுத் தொட்டுப் பாருங்க அண்ணி."

"ஏன், நான் போய்ச் சேரணுமா? மருந்துக்கடையிலதானே இருக்க, நல்லா தூக்கம் வர்ற மாத்திரை ஒண்ணு எடுத்துப் போடு. எல்லாம் சரியாப் போயிடும்."

நாத்தனார் கிளம்பிப் போன பிறகு, வீடு அடங்கிய அந்தச் சாயங்காலத்தில்தான், அவள் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சில்வண்டு தெருவில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். மின்விசிறி நிறுத்தியிருந்தது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஓய்ந்தது. அதற்கு அப்புறமும் ஏதோ ஒன்று ஓயவில்லை. வாயை மூடிக்கொண்டு ஒருவர் ஒரே சுருதியில் ம்ம்ம் என்று இழுப்பதுபோல, மூச்சு வாங்குவதற்குக்கூட விடாமல், நடைச்சுவருக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் வந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனையும், மெழுகுவத்தி அணைந்தபின் வரும் வாசனைபோல மெல்லிய கருகலும் சுவரிலிருந்து வந்தன. குளியலறைக்குப் போய், புறங்கையால் குழாயைத் தொட்டாள். கடித்தது. இந்த முறை ஊரவில்லை. கடித்தது. தோள்பட்டை வரைக்கும் நரம்பைப் பிடித்து இழுத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் ரீங்காரம் நின்றது. தொட்டாள். ஒன்றுமில்லை.

ஆக, அது எப்போதும் அங்கே இருப்பதில்லை. வந்து போகிறது. எப்போது வரும் என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்குமென்று நினைத்துக் கவனித்துப் பார்த்தாள். காலை ஏழு, மாலை ஐந்தேகால், நடு மத்தியானம், பிறகு இரண்டு நாள் எதுவுமே இல்லை. ஒழுங்கு இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். வீட்டில் அவளும் பிள்ளையும் தவிர வேறு யாராவது இருக்கும்போது அது வரவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் சில்வண்டு பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரை வாயோடு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றாள். பிரஷ் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, பிள்ளை சுவரோடு ஒட்டி நின்று தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அது தன்னுடைய கைதானா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழாய் என்னைக் கிள்ளிடுச்சும்மா."

அழவில்லை. அவள் அந்தக் கையை வாங்கி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டங்கள் வந்தன. குளியலறைக்குள் செருப்பில்லாமல் கால் வைக்கக்கூடாது. குழாயை அம்மா மட்டும்தான் திறக்க வேண்டும், அதுவும் மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த கையுறை போட்டு. காலையில் வாளிகளை நிரப்பி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு குழாய்ப் பக்கம் யாரும் போகக்கூடாது. சில்வண்டுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. குளியலறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் "கடிகுழாய், கடிகுழாய்" என்று சொல்லிக்கொண்டு ஒற்றைக்காலில் தாவிப் போவாள்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் எப்போதும் போல மரியாதையாகப் பேசினார். அந்த மரியாதையை எந்தப் பக்கமிருந்து பிடிப்பது என்றே தெரியாது.

"நீங்க பயப்படவே வேண்டாம்மா. வாடகைக்கு விடற வீடுன்னா கரண்ட் செக் பண்ணியாகணும்னு சட்டம் இருக்கில்ல? போன மாசம்தான் பண்ணி சர்டிபிகேட் வாங்கி, மீட்டர் கதவுலயே ஒட்டிட்டேன். பச்சையா இருக்கும், பாருங்க."

"பார்த்தேன் சார். ஆனா நிஜமாவே அடிக்குது. குழந்தைக்கு..."

"மாடியில யாரும் இல்ல, ஹீட்டர் கிடையாது, மோட்டார் கிடையாது. அடிக்கறதுக்கு அங்க என்னம்மா இருக்கு?" கொஞ்சம் நிறுத்தி, குழைவாகக் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் ஊர்ல இல்லையோ? தனியா இருந்தா அப்படித்தான் தோணும்."

அந்தப் பச்சைத் தாளில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. மூன்று நாள் விடாமல் கூப்பிட்டு, நான்காம் நாள், தாளில் கையெழுத்துப் போட்டிருந்த மின் சோதனைக்காரரை வரவழைத்தாள். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். கனத்த ரப்பர் அடி வைத்த ஷூ, தோளில் கருவிப் பை, கழுத்தில் கயிற்றில் தொங்கிய மூக்குக்கண்ணாடி. வீட்டுக்காரர் தானே சாவியோடு வந்து, வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டே இருந்தார். சோதனைக்காரர் மெயினைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு பிளக்கிலும் கருவியைச் செருகினார். குளியலறைக்குப் போய்க் குழாயின் மேல் டெஸ்டரை வைத்தார். டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி விளக்கு எரியவில்லை. வீடு மூச்சுக் காட்டாமல் இருந்தது. சுவர் சும்மா சுவராக நின்றது.

"எர்த் நல்லா இருக்கு. லீக் எதுவும் இல்லைங்க" என்றார் சோதனைக்காரர்.

வீட்டுக்காரர் அவளைப் பார்த்து ஒரு புன்னகை செய்தார். பிள்ளை போல் அடம் பிடித்தவளை மன்னித்துவிட்ட புன்னகை. அவர்கள் காரும் மோட்டார் சைக்கிளும் தெருமுனையைத் திரும்பிய பிறகு, அவள் கதவைச் சாத்திக்கொண்டு நடையில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

ம்ம்ம்ம்.

அதற்கு அடுத்த வாரம், மாலை ஏழு மணிக்குத் தெரு முழுக்க மின்சாரம் போனது. விசிறி சுற்றி ஓய்ந்தது. தெருவிளக்கு, கிடங்கின் வாசல் விளக்கு, தூரத்துக் கடைகள் எல்லாம் ஒன்றாய் அணைந்தன. சில்வண்டு இருட்டில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கோ, பல நாளுக்குப் பிறகு, நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது. கரண்ட் இல்லை. ஊரிலேயே கரண்ட் இல்லை. அந்த நிம்மதியோடு ஒரு மூச்சு இழுத்துவிட்ட கையோடுதான், எல்லாம் அடங்கிய அந்த அமைதியில், இதுவரை கேட்காத அளவுக்குத் தெளிவாக, நடைச்சுவருக்குள்ளிருந்து அது கேட்டது. இந்த முறை நடையோடு நிற்கவில்லை. தரைக்கு அடியில் போய், சமையலறைச் சுவரேறி, ஜன்னல் கம்பிகளில் முடிந்தது. இருட்டில் தடவிப் போய்க் கம்பியை விரல் நுனியால் தொட்டாள்.

இருட்டுக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாக்கில் இரும்பு ருசி.

"அம்மா, கம்பியும் கிள்ளுதா?" என்றாள் சில்வண்டு.

அன்று கணவனிடம் கெஞ்சினாள். "வேற வீடு பார்ப்போம். நாளைக்கே. கரண்டே இல்லாதப்ப அடிக்குதுங்க."

"கரண்டே இல்லாதப்ப கரண்ட் அடிக்குது." அவள் சொன்னதையே அவன் திருப்பிச் சொன்னான். இந்த முறை சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "ஏய், நல்லாத்தானே இருக்க? பன்னெண்டாம் தேதி வந்துடறேன். அதுவரைக்கும் அக்கா வீட்ல போய் இரு."

நாத்தனாரைக் கேட்டாள். அவள் வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறதாம். "பத்து நாள் பொறுத்துக்கோ. அதுக்குள்ள அந்தக் குழாய் உன்னைத் தின்னுடாது."

ஆறாம் தேதி மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கூரையைத் தட்டி, காலி மனையின் புல்லைப் படுக்க வைத்து, தெருவை ஓடையாக்கிய மழை. பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். சில்வண்டு படுக்கையறைத் தரையில் குப்புறப் படுத்துக் கிரேயானால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டரை மணிக்குத் தொடங்கிய ரீங்காரம் மூன்று மணிக்கும் நிற்கவில்லை. அவள் சோதனைக்காரரைக் கூப்பிட்டு, போனை நடைச்சுவரில் அழுத்திப் பிடித்தாள்.

"கேக்குதா சார்? கேக்குதா?"

அந்தப் பக்கமும் மழை இரைந்தது. அவர் சொன்னார்: "பக்கத்துலதான் இருக்கேன். வரேம்மா."

வந்தார். அவர் வாசற்கதவைத் தட்டிய சத்தத்தோடு ரீங்காரம் நின்றது. தொண்டைக்குழியில் யாரோ விரலை வைத்து அழுத்தினாற்போல, சட்டென்று.

கதவைத் திறந்தவள் அப்படியே அழுதுவிட்டாள். "இப்பதான் சார் நின்னுது. இப்பதான். சத்தியமா."

"உள்ள வரட்டுங்களா? நனையறேன்." மழைச் சட்டையைக் கழற்றி வாசற்படியில் போட்டார். "மெயின் பூட்டியிருக்கே. ஓனருக்குச் சொன்னீங்களா?"

"சொன்னா வர மாட்டார்."

தலையை ஆட்டிக்கொண்டார். குளியலறைக்குப் போய் டெஸ்டரைக் குழாயில் வைத்தார், எரியவில்லை. கம்பிகள் உள்ள கருவியை வைத்தார், முள் அசையவில்லை. புறங்கையால் மெதுவாகத் தொட்டார். திரும்பி, கருவிகளைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்?" என்றாள். "நாங்க குடி வர்றதுக்கு முன்னாடி நிஜமாவே வந்து பார்த்துத்தான் அந்தப் பச்சைத் தாளைக் குடுத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே துடைத்த கண்ணாடி.

"ஒரு நாளைக்கு முப்பது வீடு குடுப்பாங்கம்மா. எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்க முடியாது." குரல் இறங்கிப் போயிருந்தது. "ஆனா அன்னைக்கு உங்க முன்னாடி பார்த்தேன் இல்ல? அது நிஜம். இப்ப பார்க்கிறதும் நிஜம். இதுல ஒண்ணும் இல்லம்மா. நம்புங்க."

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கணவன், நாத்தனார், வீட்டுக்காரர். இப்போது இவர். அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

"நீங்க ஷூ போட்டிருக்கீங்க சார். எல்லாரும் செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டுட்டு ஒண்ணும் இல்லன்னு போயிடறீங்க. ஒரே ஒரு தடவை, வெறுங்காலோட, ஈரத்துல நின்னு பிடிச்சுப் பாருங்க. என் பொண்ணு அப்படித்தான் நின்னா. ஒரு நிமிஷம். அதுக்கப்புறமும் ஒண்ணுமில்லன்னா, நான் வாயே திறக்க மாட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு, பிடிவாதக்காரப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறவர்போல ஒரு பெருமூச்சு விட்டு, நடையில் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் வைத்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்தார். வெளுத்து, ஈரத்தில் சுருங்கிப்போன, ரொம்ப நாளாய் வெயில் பார்க்காத பாதங்கள்.

"என் சம்சாரம் பார்த்தா சிரிப்பா" என்றார்.

ஈரத் தரையில் இறங்கி நின்றார். வலது கையால் குழாயைப் பிடித்து, முழுக்கத் திறந்தார். தண்ணீர் கொட்டியது. கையை எடுக்கவில்லை. திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றுமில்லை.

பத்து விநாடி. இருபது விநாடி. தண்ணீர் அவர் பாதங்களின் மேல் ஓடியது. ஒன்றுமே இல்லை. அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது. அதன் பின்னாலேயே, எதிர்பார்க்காத ஓர் ஆறுதல். தலைதான் கெட்டிருக்கிறது. வீடு கெடவில்லை. தலைக்கு மருந்து இருக்கிறது. மருந்துக்கடையிலேயே இருக்கிறது. அவளும் சிரித்தாள்.

"பார்த்தீங்களா?" அவர் சுவர்ப்பக்கம் திரும்பி, குழாயின் அடியை இன்னொரு கையால் தடவிக்கொண்டே சொன்னார். "எங்க வீட்லயும் இப்படித்தான். கேஸ் வாசனை வருது, கேஸ் வாசனை வருதுன்னு ராத்திரியெல்லாம் எழுப்புவா. நானும் எழுந்து போய்ப் பார்த்துட்டு வருவேன். அவங்க மனசு ஆறணும்னா, நாம ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வர்றதுல என்ன கொறஞ்சு போ... ம்ம்ம்ம்..."

அவர் யோசிக்கிறார் என்றுதான் நினைத்தாள். அடுத்த வார்த்தையைத் தேடுகிறார் என்று.

அவர் தேடவில்லை.

ம்ம்ம்ம்ம்ம்.

அது சுவரிலிருந்தும் வந்தது. அவரிடமிருந்தும் வந்தது. ஒரே சுருதி.

"சார்?"

தோள் இரண்டும் காதுக்கருகே ஏறியிருந்தன. இடது கை உடம்போடு ஒட்டி மடங்கியிருந்தது. வலது கை குழாயில். விரல் முட்டிகள் வெளுத்து. கழுத்து நரம்பு கயிறாக. பக்கத்திலிருந்த துணி வாளியை அவர் கால் உதைத்துக் கவிழ்த்தது. ஊறப்போட்ட துணிகள் வழுக்கிப் போய்த் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் படிந்தன.

தொடாதே. யாராவது மாட்டிக்கொண்டால் தொடாதே. அது அவளுக்குத் தெரியும். வேறு எதுவும் தெரியவில்லை.

மெயின். மெயின் வெளியே. பூட்டு. கட்டை ஏதாவது. துடைப்பத்துக்கு இரும்புக் கைப்பிடி. நடையில் கிடந்த பிளாஸ்டிக் முக்காலியை எடுத்து வீசினாள். அது அவர் முதுகில் பட்டுத் தெறித்துத் தண்ணீருக்குள் விழுந்தது. அவர் அசையவில்லை. விழுந்தால் கை விட்டிருக்கும். விழவில்லை. இன்னும் ஓர் அடி முன்னால் போனாள், ஷூவை எடுத்து அந்த விரல்களின் மேல் அடிக்கலாம் என்று. அப்போதுதான் குளியலறை வாசலைத் தாண்டி வழிந்த தண்ணீர், அவள் வெறுங்காலைத் தொட்டது.

எப்படிப் படுக்கையறைக்குள் வந்து விழுந்தாள் என்று தெரியவில்லை. காலின் உள்ளே எலும்பெல்லாம் மணி மாதிரி அதிர்ந்தது. அவளுடைய ரப்பர் செருப்பு குளியலறைக்குள், அவர் காலருகில், மிதந்து கொண்டிருந்தது. அவருடைய ஷூ நடையில், தண்ணீருக்கு நடுவில்.

"அம்மா?" சில்வண்டு கிரேயானோடு எழுந்து நின்றாள்.

"கட்டில்! கட்டில்ல ஏறு! ஏறுடி!"

ஏறினார்கள். மரக்கட்டில். அவ்வளவுதான் இருந்தது அந்த வீட்டில், தரையைத் தொடாமல் நிற்க.

தண்ணீர் அவசரப்படவில்லை. நடையை நிரப்பியது. கூடத்துக்குள் இறங்கியது. வாசற்கதவு வரைக்கும் போய், கதவை முட்டித் திரும்பியது. கூடத்து மேசையில் அவள் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வயர் சுவரிலிருந்து தொங்கியது. ஜன்னல் பக்கம் திரும்பிக் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மழைதான் பதில் சொன்னது. குடை பிடித்த யாரோ ஒருவர் காலி மனைக்கு அப்பால் வேகமாகப் போனார், தலையைத் திருப்பவில்லை. ஜன்னல் கம்பியை நோக்கிக் கை நீண்டது. நிறுத்திக்கொண்டாள். கம்பியில் மழைத்துளிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாத் துளிகளும் நடுங்கிக்கொண்டிருந்தன.

நான்தான் கழற்றச் சொன்னேன்.

நான்தான்.

படுக்கையறை வாசலில் ஒரு பளபளப்பு. மெல்லிய, கண்ணாடி விளிம்பு போன்ற தண்ணீர், வாசற்கட்டையைத் தாண்டியது. பிள்ளை போட்ட படத்தைத் தொட்டது. தாள் ஓரத்திலிருந்து கருத்து, சுருண்டு, மிதந்தது. கட்டிலின் ஒரு கால். இன்னொரு கால்.

கூடத்தில் போன் அடித்தது. இந்நேரத்துக்குக் கூப்பிடுவது அவன்தான். அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அம்மா," சில்வண்டு அவள் காதோடு வாயை வைத்துச் சொன்னாள். "அங்கிள் ஏன் நம்மளப் பாக்குறாரு?"

இல்லை. அவர் முகம் சுவர்ப்பக்கம். அவள் பார்த்திருந்தாள். பேசிக்கொண்டே சுவர்ப்பக்கம் திரும்பியவர், அப்படியே இறுகிப் போனவர். திரும்ப முடியாது. அப்படித் திரும்ப முடியாது.

பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். பிறகு தலையைத் தூக்கினாள்.

படுக்கையறை வாசலுக்கு நேரே நடை. நடைக்கு அந்தப் பக்கம் குளியலறை வாசல். கொட்டுகிற தண்ணீருக்கு நடுவில், கால்சட்டையை முழங்கால் வரை மடித்த மனிதர் நிமிர்ந்து நின்றிருந்தார். வலது கை பின்னால் வளைந்து குழாயைப் பிடித்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. கண்ணாடி கழுத்துக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூடிய வாய்க்குள்ளிருந்து அந்தச் சுருதி வந்துகொண்டே இருந்தது. உடம்போடு ஒட்டியிருந்த இடது கை பிரிந்து, உள்ளங்கை மேலே தெரிய, கட்டிலை நோக்கி நீண்டிருந்தது.

விரல்கள் மடங்கின. விரிந்தன.

மடங்கின.